இரண்டு கிட்டார்களுக்கு நடுவே காணாமல் போகும் லீட் சிந்த்: மெட்டல் சோலோவுக்கான ஒலியை எப்படிக் கட்டுவது?

ஏழாம்_கட்டை எழுதியது:

வணக்கம். ஒன்றரை ஆண்டாக ஒரு மெட்டல் குழுவில் கீபோர்டு வாசித்து வருகிறேன். பின்னணியில் ஸ்டிரிங்ஸ், கொயர், நடுவே கொஞ்சம் பியானோ என்பதோடு என் வேலை முடிந்துவிடும். இப்போது நாங்கள் உருவாக்கிக்கொண்டிருக்கும் பாடலில், கிட்டார் சோலோ முடிந்த கையோடு 16 பார்களை எனக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். வேகம் 168 பிபிஎம், டி மைனர், அடியில் இரண்டு ரிதம் கிட்டார்களும் விடாமல் பாம் மியூட்டில் (உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிக்கும் முறையில்) ஓடிக்கொண்டிருக்கும்.

சர்ஜ் எக்ஸ்டி சிந்தசைசரில் நான் உருவாக்கிய ஒலி இதுதான்: ரம்பப்பல் அலை தரும் மூன்று ஆஸிலேட்டர்கள் (ஒலியலையை உண்டாக்கும் பகுதிகள்), ஒன்றுக்கொன்று 7 முதல் 12 சென்ட் வரை (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகியவை, அதன்மேல் ஒவ்வொன்றையும் ஏழாகப் பெருக்கும் ஏழு குரல் யூனிசன், உயர் அதிர்வெண்களை வெட்டும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர், கடைசியில் ஒரு கிட்டார் ஆம்ப் ப்ளகினும் (கிட்டார் ஆம்ப்போல் ஒலிக்கவைக்கும் மென்பொருள்) அரங்கின் எதிரொலி தரும் ஹால் ரிவெர்பும். ஹெட்ஃபோனில் கேட்டால் மலைபோல் இருக்கிறது. பயிற்சி அறையில் ஒற்றை ஸ்பீக்கரில் விட்டால், நான் வாசிக்கிறேன் என்பதே டிரம்மருக்குத் தெரியவில்லை. ஒலியளவை ஏற்றினால் காது வலிக்கிறதே தவிர சுரங்கள் பிரிந்து கேட்பதில்லை.

இன்னும் இரண்டு குறைகள். டிஸ்டார்ஷனை (ஒலியலையை வெட்டி முரடாக்குவதை) கூட்டக் கூட்ட ஒலி தடிப்பதற்குப் பதிலாக உள்ளீடற்றுப் போய், பழைய வீடியோ கேம் பெட்டியின் சத்தம்போல் ஆகிவிடுகிறது. சுருதியை வளைக்கும் பிட்ச் வீலைத் தொட்டாலோ, எங்கள் கிட்டார் கலைஞர் ஆம்புலன்ஸ் வருகிறது, வழிவிடுங்கள் என்கிறார். கிட்டாரின் நகலாக இல்லாமல், ஆனால் கிட்டாருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும்படியான ஒரு ஒலியை எங்கிருந்து தொடங்குவது?

வால்வு_சூடு எழுதியது:

உங்கள் மூன்று குறைகளில் முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: டிஸ்டார்ஷனுக்குள் எது நுழைகிறது என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. ஆம்ப் ப்ளகினை மாற்றிப் பார்ப்பதில் ஒரு மாதத்தை வீணாக்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வீணாக்கியிருக்கிறேன்.

ரம்பப்பல் அலையில் ஒற்றைப்படை, இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் மேற்சுரங்கள்) எல்லாமே உண்டு. அதனால்தான் அது நிறைவாக ஒலிக்கிறது. அந்த அலையை மேலும் கீழும் சமமாக வெட்டும் ஒரு கிளிப்பருக்குள் அதிக கெய்னில் (பெருக்கத்தில்) தள்ளினால், பூஜ்யத்துக்கு மேலே இருக்கும் பாதி உச்சத்தில் தட்டையாகிறது, கீழே இருக்கும் பாதி அடியில் தட்டையாகிறது. மிஞ்சுவது சதுர அலை. சதுர அலையில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் கிடையாது. நீங்கள் சொன்ன வீடியோ கேம் சத்தம் அதுதான். டிஸ்டார்ஷன் உங்கள் ஒலியில் எதையும் கூட்டவில்லை, பாதியை எடுத்துவிட்டது. இதே காரணத்தால், தொடக்கத்திலேயே சதுர அலையை வைத்துக்கொண்டு டிஸ்டார்ஷனைத் திருகினால் ஒலியளவைத் தவிர ஏறக்குறைய எதுவுமே மாறாது என்பதையும் சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, அந்த விலகல். உங்கள் ஒலியில் யூனிசனை நிறுத்திவிட்டு, இரண்டே ஆஸிலேட்டர்களை 7 சென்ட் விலகலில் வைத்து, 440 ஹெர்ட்ஸ் உள்ள ஏ சுரத்தைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். விநாடிக்கு ஏறத்தாழ 1.8 முறை அந்த இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று நேர் எதிராக வந்து நிற்கும். அந்தக் கணத்தில் அடிப்படைச் சுரம் முழுவதுமாக அழிந்து, இருமடங்கு அதிர்வெண்ணில் ஒரு ரம்பப்பல் அலை மட்டும் மிஞ்சுகிறது. டிஸ்டார்ஷன் இல்லாதபோது இது இனிமையான ஒரு அலைவாகக் கேட்கிறது. டிஸ்டார்ஷனோ, அந்த மெலிந்த மிச்சத்தையும் முழு ஒலியளவுக்கு உயர்த்திவிடுவதால், உங்கள் சுரம் ஒரு ஸ்தாயி மேலே தாவித் தாவி இறங்குவதுபோல் ஆகிவிடும். இரண்டு குரலுக்கே இந்தக் கதி என்றால், 21 குரல்களைக் குழைத்து ஆம்பில் ஊற்றினால் சுரம் எங்கே பிரிந்து கேட்கும்? அதுமட்டுமல்ல, இடமும் வலமும் பரப்பிவைத்த யூனிசன் குரல்கள் ஒற்றை ஸ்பீக்கரில் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, ஹெட்ஃபோனில் கேட்ட அந்த மலையில் பாதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

எனவே டிஸ்டார்ஷனுக்குள் ஒரே ஒரு ஆஸிலேட்டரை மட்டும் அனுப்புங்கள். அகலம் வேண்டுமானால் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு கோரஸாக (ஒலியோடு சற்றே விலகிய அதன் நகலைக் கலக்கும் எஃபெக்டாக) சேர்த்துக்கொள்ளலாம். ஒற்றை ஆஸிலேட்டரே செறிவாக ஒலிக்க ஹார்ட் சிங்க்கைப் பயன்படுத்துங்கள். ஒரு ஆஸிலேட்டர் தன் சுற்றைத் தொடங்கும்போதெல்லாம் இன்னொன்றையும் கட்டாயமாகத் தொடக்கத்துக்கு இழுத்துவரும் ஏற்பாடு அது. கேட்கும் சுருதி முதலாவதுடையது. இரண்டாவதன் அதிர்வெண்ணை நகர்த்தினால் சுருதி மாறாமல், வாயைத் திறந்து மூடுவதுபோல் ஒலியின் நிறம் மாறும். சர்ஜின் கிளாசிக் ஆஸிலேட்டரிலேயே இதற்கென்று சிங்க் ஸ்லைடர் இருக்கிறது. இரண்டாவது ஆஸிலேட்டரை வீணாக்க வேண்டியதில்லை. ஒரு என்வலப்பை (சுரம் தொடங்கியதிலிருந்து ஒரு அளவை நேரப்படி மாற்றும் பகுதியை) கொண்டு அதை 19 அரைச்சுரத்திலிருந்து 7 அரைச்சுரத்துக்கு ஏறத்தாழ 350 மில்லி விநாடியில் இறக்குங்கள். சுரம் தொடங்கும் இடத்தில் ஒரு கத்தல் பிறக்கும்.

இனி வரிசை. சர்ஜில் தொடர் இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் முதல் ஃபில்டர், வேவ்ஷேப்பர் (டிஸ்டார்ஷன் செய்யும் பகுதி), இரண்டாம் ஃபில்டர் என்ற ஒழுங்கில் ஒலி போகும். கிட்டார்காரர்கள் பெடல், ஆம்ப், கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) என்று செய்வதும் அதுவே. அவர்கள் ஆம்புக்கு முன்னால் வைக்கும் ட்யூப் ஸ்கிரீமர் பெடல், ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெய்னைக் குறைத்து நடுப்பகுதியை முன்னே தள்ளுகிறது. அடிப்பகுதி குறைந்த சிக்னல் கிளிப்பருக்குள் போவதால்தான் அவர்கள் ஒலி கலங்காமல் இறுக்கமாக இருக்கிறது. ஆகவே முதல் ஃபில்டரைத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஹை-பாஸாக்கி 400 ஹெர்ட்ஸில் தொடங்கி மேலே நகர்த்திப் பாருங்கள். வேவ்ஷேப்பரில் அசிமெட்ரிக் வகையைத் தேர்ந்தெடுங்கள். மேற்பாதியும் கீழ்ப்பாதியும் வெவ்வேறாக வெட்டுப்படும்போது இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் திரும்பி வருகின்றன. இரண்டாம் ஃபில்டரை 5 கிலோஹெர்ட்ஸ் அருகே லோ-பாஸாக வையுங்கள். கிட்டார் கேபினெட்டில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் அதற்குமேல் சரிந்துவிடும் இயல்புடையது. சிந்த் ஒலியை நேரடியாக மிக்ஸருக்குள் விட்டால் வரும் ஈ மொய்க்கும் சத்தம், அந்தச் சரிவு இல்லாததால் வருவதுதான். கேபினெட்டின் ஒலித்தன்மையைப் பதிந்துவைத்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு இருந்தால் ஃபில்டரைவிட அதுவே மேல்.

ரிவெர்பை எடுத்துவிடுங்கள். 168 வேகத்தில் புள்ளி வைத்த எட்டாம் நோட் டிலே (ஒலியைத் தாமதித்து மறுபடி ஒலிக்கவைப்பது) 268 மில்லி விநாடி. அதுவே போதும்.

இடதுகை எழுதியது:

மேலே உள்ள பதிலில் நான் மறுக்க எதுவும் இல்லை. ஆனால் ஆம்புலன்ஸுக்கு அதில் மருந்து இல்லை; அது இடது கையில் இருக்கிறது.

கீபோர்டைக் கிட்டார்போல் பேசவைத்தவர்களில் முதலில் கேட்கவேண்டியவர் யான் ஹாமர். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவிலும், பிறகு 1976-இல் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்குடனும் மினிமூக் சிந்தசைசரில் அவர் வாசித்ததைக் கேளுங்கள். அது மெட்டல் அல்ல, ஆனால் மெட்டல் கீபோர்டு லீடின் இலக்கணத்தில் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. அதற்குப் பிறகு 1984-இல் வந்த, கிட்டார் கலைஞர் யங்வி மால்ம்ஸ்டீனின் முதல் தனி ஆல்பத்தில் யென்ஸ் யோஹான்சன், ஃபின்லாந்தின் சில்ட்ரன் ஆஃப் போடம் குழுவில் கிட்டாரோடு மாறி மாறி மோதிய யான்னே வீர்மன், 1999-இல் ஜோர்டன் ரூடெஸ் வருவதற்கு முன் டிரீம் தியேட்டரில் இருந்த டெரெக் ஷெரினியன் என்று ஒரு வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். இவர்களில் யாரையும் நான்கு சுரத்தில் அடையாளம் காணமுடிகிறது என்றால், அதற்குப் பெரும்பாலும் வளைவுதான் காரணம், ஒலி இரண்டாம் பட்சமே.

கிட்டாரில் தந்தியை விரலால் இழுத்தால் சுருதி மேலே மட்டுமே போகும். வீணையிலும் அப்படித்தான். அந்த ஒரு உண்மையிலிருந்து மூன்று முடிவுகள் வருகின்றன. இலக்கு சுரத்தை அழுத்திவிட்டு வீலை மேலும் கீழும் ஆட்டுவது சைரன். இரண்டு அரைச்சுரம் கீழே உள்ள கட்டையை அழுத்தி, ஒரு கணம் அங்கே நின்று, பிறகு வளைத்து இலக்கில் போய்ச் சேர்வதுதான் பெண்ட். டி-யை அடையவேண்டுமானால் சி-யை அழுத்துங்கள். போய்ச் சேரும் வேகமும் சீராக இருக்கக்கூடாது. கடைசிக் கால்பங்கு தயங்கிப் போகவேண்டும். இரண்டாவது, வைப்ரேட்டோ (சுருதியின் சிறு ஆட்டம்). எல்எஃப்ஓ (மற்ற அளவுகளை ஆட்டிவைக்கும் மெதுவான அலை) சுருதிக்கு இருபுறமும் சமமாக ஆடுவதால்தான் அது கேலியாகக் கேட்கிறது. அதை மேல்புறம் மட்டும் போகும்படி அமைத்து, விநாடிக்கு 5 முதல் 6 ஆட்டம் வரை வைத்து, மாட் வீலால் மெல்ல நுழையுங்கள். கையாலேயே வீலை ஆட்டப் பழகினால் இன்னும் நல்லது. எனக்கு நான்கு மாதம் ஆனது. மூன்றாவது, பெண்ட் அளவு. சர்ஜில் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் தனித்தனி அளவு தரலாம். மேலே 2 அரைச்சுரம், கீழே 12 என்று வைத்துக்கொண்டால், மேலே தந்தியை இழுக்கும் துல்லியமும் கீழே வாமி பாரின் (தந்திகளைத் தளர்த்தும் கிட்டார் நெம்புகோலின்) வீழ்ச்சியும் ஒரே வீலில் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: சில மலிவான கன்ட்ரோலர்கள் வளைவை 128 படிகளில் மட்டுமே அனுப்புகின்றன. மேலும் கீழும் 12 அரைச்சுரம் வைத்தால் ஒரு படிக்கு ஏறத்தாழ 19 சென்ட் என்றாகி, படிக்கட்டில் இறங்குவது காதிலேயே கேட்கும்.

பாலிஃபோனிக் நிலையில் (ஒரே நேரத்தில் பல சுரங்கள் ஒலிக்கும்படி) வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிடுங்கள். சர்ஜில் மோனோ எஸ்டி ப்ளஸ் எஃப்பி என்றொரு நிலை இருக்கிறது: கட்டைகளை விடாமல் இணைத்து வாசித்தால் என்வலப் மறுபடி தொடங்காது, போர்ட்டமென்டோவும் (ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்வது) அப்போது மட்டுமே இயங்கும். உங்கள் வேகத்தில் ஒரு பதினாறாம் நோட் 89 மில்லி விநாடிதான். வால்வு_சூடு சொன்ன 350 மில்லி விநாடிக் கத்தல் ஒவ்வொரு சுரத்திலும் மறுபடி தொடங்கினால் எல்லாச் சுரமும் ஒரே மாதிரி குரைக்கும். இந்த நிலையிலோ, வாக்கியத்தின் முதல் சுரத்தில் மட்டும் கத்தல் பிறந்து, ஓட்டம் முழுவதும் தணிந்த நிறத்தில் போகும். கிட்டாரில் பிளெக்ட்ரம் பட்ட சுரத்துக்கும், விரலால் மட்டும் தட்டி எழுப்பும் ஹாமர்-ஆன் சுரத்துக்கும் உள்ள வேறுபாடு கிடைத்துவிடும். போர்ட்டமென்டோ 30 மில்லி விநாடிக்கு மேல் போகவேண்டாம்.

கடைசிக் கட்டைக்கு முன்னுரிமை என்று அமைத்துக்கொண்டு, இடது பக்கத்து டி-யை அழுத்திப் பிடித்தபடி மேலே உள்ள சுரங்களைத் தட்டித் தட்டி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறை விரலை எடுக்கும்போதும் டி தானாகத் திரும்பி வரும். கிட்டார்காரரின் புல்-ஆஃப் அதுதான். பழைய மினிமூகில் தாழ்ந்த கட்டைக்கே முன்னுரிமை என்பதால் இதைத் தலைகீழாகச் செய்யவேண்டும்.

ஏழாம்_கட்டை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு இரவுகள் இதிலேயே போயின.

முதலில் அந்த 440 சோதனையைச் செய்தேன். ஆம்ப் ப்ளகினை நிறுத்தி ஒரு முறை, இயக்கி ஒரு முறை. சுரம் மேலே தாவுவதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன்; பயிற்சி அறையில் மூன்று வாரமாக நான் தப்பாக வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். ஒற்றை ஆஸிலேட்டர், சிங்க், ஹை-பாஸ், அசிமெட்ரிக், பிறகு கேபினெட் என்று மாற்றிய பின், ஹெட்ஃபோனில் ஒலி முன்னைவிட மெலிந்து, கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருக்கிறது. அறையில் அதே ஒலி கிட்டார்களைக் கிழித்துக்கொண்டு வருகிறது. ஹை-பாஸ் 550 ஹெர்ட்ஸில் நின்றது.

பெண்ட் இன்னும் கைவரவில்லை, ஆனால் சைரன் போய்விட்டது. சி-யில் தொடங்கி டி-க்கு வளைக்கும்போது இலக்கைத் தாண்டிவிடாமல் இருக்க, வீல் முழுவதும் மேலே போனால் சரியாக டி என்று அமைந்திருப்பது பெரிய உதவி.

புதிதாக ஒரு சிக்கல். சோலோவின் முடிவில் கிட்டாரின் 24-ஆம் ஃப்ரெட் உயரத்துக்கு, அதாவது 1,318 ஹெர்ட்ஸ் அளவிலான ஈ சுரத்துக்குப் போய் அங்கிருந்து வளைக்கிறேன். வேவ்ஷேப்பரோடு ஆம்ப் ப்ளகினின் கெய்னையும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். அந்த இடத்தில் அடியில் மெல்லியதாக வேறொரு சுரம் கேட்கிறது. நான் மேலே வளைக்க வளைக்க அது கீழே இறங்குகிறது. கருவி பழுதா?

வால்வு_சூடு எழுதியது:

பழுது இல்லை, கணக்கு. 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் விகிதத்தில் (விநாடிக்கு ஒலியை அத்தனை முறை அளவெடுக்கும்போது) 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் பதிய முடியாது. டிஸ்டார்ஷன் உண்டாக்கும் ஹார்மோனிக் அந்த எல்லையைத் தாண்டினால் அழிந்துபோகாமல், மடங்கிக் கீழே வந்து விழும். உங்கள் ஈ சுரத்தின் 33-ஆம் ஹார்மோனிக் ஏறத்தாழ 43,510 ஹெர்ட்ஸில் இருக்கிறது. 44,100-இலிருந்து அதைக் கழித்தால் 590. நீங்கள் கேட்டது அநேகமாக அதுவும் அதன் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். சுரத்தை மேலே வளைத்தால் 43,510 என்பது ஏறுகிறது, கழித்து வரும் மீதி குறைகிறது, அதனால் அந்தப் பேய்ச் சுரம் எதிர்த்திசையில் இறங்குகிறது. கிட்டாருக்குப் பின்னால் போடும் ஆம்ப் ப்ளகினில் இது அவ்வளவாகத் தெரியாது. சிந்தின் மேற்சுரங்கள் கிட்டாரைவிடக் கூர்மையானவை என்பதால் இங்கே அம்பலமாகிறது. ப்ளகினில் ஓவர்சாம்ப்ளிங் (உள்ளுக்குள் கூடுதல் சாம்பிள் விகிதத்தில் கணக்கிடுவது) என்ற தெரிவு இருக்கும், 4 மடங்கு வையுங்கள். கணினி திணறினால், கெய்னைக் குறைத்து, அந்த உயரத்தில் சிங்க் வீச்சையும் கட்டை உயர்வுக்கேற்பக் குறையும்படி அமைத்துவிடுங்கள்.

ஃபில்டர் அங்கே ஒலியை மழுக்குகிறது என்று அடுத்துச் சொல்வீர்கள். 5 கிலோஹெர்ட்ஸுக்குள் அந்தச் சுரத்துக்கு மூன்று ஹார்மோனிக்குகள்தான் இடம் பெறும். கிட்டாரிலும் அப்படியே, உச்சத்தில் அது புல்லாங்குழல்போல் உருண்டுபோவது அதனால்தான். அதைத் திருத்தாதீர்கள்.

பச்சை_எல்இடி எழுதியது:

ஒரு மாற்றுக்கருத்து, கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த இழையில் எல்லோரும் கிட்டாரின் பெடல், கிட்டாரின் கேபினெட், கிட்டாரின் புல்-ஆஃப் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கேட்டவரோ கிட்டாரின் நகல் வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்பில் விட்டார். வந்தது கிட்டார் ஒலி அல்ல, யாரும் அதுவரை கேட்டிராத முரட்டு ஆர்கன். ஆம்பைக் கடன் வாங்கலாம். வேறு எதைக் கடன் வாங்குகிறோம் என்பதில் கொஞ்சம் கஞ்சத்தனம் வேண்டும்.

கிட்டார் செய்ய முடியாத ஒன்றையாவது அந்த ஒலிக்குள் வையுங்கள் என்பேன். எடுத்துக்காட்டாக, நீங்கள் குறை என்று சொன்ன அந்த உள்ளீடற்ற சதுர அலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த ரிதம் கிட்டார்களுக்கு நடுவே அதன் வெற்றிடமே அடையாளமாகும். வேவ்ஷேப்பர் எந்த அளவுக்கு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதை ஆஃப்டர்டச்சுக்கோ (அழுத்திய கட்டையை மேலும் அழுத்தும் விசைக்கோ) ஒரு பெடலுக்கோ இணைத்துவிட்டால், ஒரே நீண்ட சுரம் நிறைவிலிருந்து வெறுமைக்குப் போய்த் திரும்பும். இதற்கு ப்ளகினில் பயாஸ் திருகி இருந்தால் நேரடியாக அதையே இணைக்கலாம். இன்னொன்று, நீண்ட சுரங்களில் மேற்சுரங்களே இல்லாத அலை தரும் ஒரு சைன் ஆஸிலேட்டரை 19 அரைச்சுரம் மேலே வைத்து, அரை விநாடிக்குப் பிறகு மெல்ல நுழையச் செய்யுங்கள். அது மூன்றாம் ஹார்மோனிக்கின் இடம். கிட்டாரில் ஆம்ப் முன்னால் சரியான கோணத்தில் நின்று காத்திருந்து பெறும் ஃபீட்பேக் உங்களுக்குக் கேட்ட நேரத்தில் கிடைக்கும். அதை டிஸ்டார்ஷனுக்குப் பிறகு கலக்கவேண்டும், முன்னால் அல்ல.

மற்றபடி, அந்த 16 பார்களில் ரிதம் கிட்டார்களில் ஒன்றாவது நடுப்பகுதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இதை எந்த ஃபில்டரும் செய்து தராது. பேசித்தான் வாங்கவேண்டும்.

இடதுகை எழுதியது:

19 அரைச்சுரம் மேலே வரும் சைன் யோசனையை இன்றே முயன்றேன். நன்றாக இருக்கிறது. ஆனால் அதையும் பிட்ச் வீல் வளைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனி டிராக்கில் வைத்திருந்ததால் எனக்குச் சுரம் மட்டும் வளைந்து ஃபீட்பேக் அசையாமல் நின்றது.

ஏழாம்_கட்டை எழுதியது:

நேற்று ஒத்திகையில் முழுப் பாடலையும் வாசித்தோம். ஓவர்சாம்ப்ளிங் வைத்ததும் அந்தப் பேய்ச் சுரம் போய்விட்டது. ஆஃப்டர்டச் என் கீபோர்டில் இல்லை என்பதால் சாய்வை எக்ஸ்பிரஷன் பெடலுக்குக் கொடுத்தேன். பத்தாவது பாரில் ஒரு நீண்ட ஏ வருகிறது; அதில் பெடலை முழுவதும் அழுத்தி வெற்றொலிக்குப் போய், திரும்பும்போது சைன் நுழைகிறது. டிரம்மர் வாசிப்பை நிறுத்தாமலேயே தலையைத் திருப்பிப் பார்த்தார்.

நடுப்பகுதி பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு கிட்டார் 1 கிலோஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபெல் குறைக்கச் சம்மதித்திருக்கிறது. இன்னொன்று, தன் சோலோவின்போது நான் ஸ்டிரிங்ஸை நிறுத்தவேண்டும் என்று நிபந்தனை விதித்திருக்கிறது. ஒப்புக்கொண்டுவிட்டேன்.